இணையத்துச் செய்தியும் கீரன் ஊர்க் கேள்வியும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலே, ஆலங்குடி வட்டத்தைச் சார்ந்து, கீரமங்கலம் என்றோர் ஊர் உளது. அதுவே யான் பிறந்து வளர்ந்த ஊர். வைகறையில் மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் கூடை கூடையாக வந்து குவியும் பூ வாணிகத்தால் அவ்வூரின் பெயரைச் சுற்று வட்டாரத்தார் நன்கறிவர். தமிழ் பயில்வார்க்கோ அவ்வூரைப்பற்றி வேறொரு செய்தி சுவை பயப்பதாம். அங்குள்ள மெய்நின்றநாதர் திருக்கோயிலின் முன் 81 அடி உயரமுள்ள சிவபெருமான் உருவம் ஒன்று அண்மைக் காலத்தில் அமைக்கப்பெற்றது. அதன் எதிரே, அப்பேருருவை நோக்கியவாறு, சிற்றுருவினராய் நிற்பவர் புலவர் நக்கீரர். இறைவன் பாட்டிலும் பிழை கண்ட அப்புலவரின் பெயரே எம்மூர்ப் பெயரில் உறைகின்றது என்பது ஊரார் துணிபு. யான் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவனேனும், பள்ளிப் பருவத்தே அவ்விரு உருவங்களையும் பலகாலும் கண்டு வளர்ந்தமையால், நக்கீரரை எம்மூர்ப் பெரியவருள் ஒருவராகவே எண்ணி வந்தேன்.

சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப்பெயரின் வரலாற்றை ஆராய்ந்து சிறு கட்டுரை ஒன்று வரைதல் வேண்டுமென ஆசிரியர் பணித்தனர். எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. பிற மாணவர் நூலகத்தில் தூசி தட்டிக்கொண்டிருக்க, யான் விடுதியிற் கட்டிலின்மேல் அமர்ந்தவாறே கைப்பேசியை எடுத்து இணையத்தில் தேடலானேன். அரைமணி நேரத்துள் பன்னிரண்டு வலைப்பக்கங்கள் அகப்பட்டன. நக்கீரர் வாழ்ந்த ஊராதலின் கீரமங்கலம் எனப் பெயர் பெற்றதென்று பன்னிரண்டும் ஒரு குரலாகக் கூறின. பன்னிரு சான்றுகளால் இது நிறுவப்பட்டது என்று பெருமிதத்தோடு எழுதி, பன்னிரண்டின் முகவரியையும் அடிக்குறிப்பில் அடுக்கி, கட்டுரையை ஒப்புவித்தேன். அது திரும்பி வந்தபொழுது மதிப்பெண் இடப்பட்டிலது. ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு வினா மட்டும் எழுதப்பட்டிருந்தது: ‘பன்னிரண்டா, ஒன்றா?’

அவ்வினாவின் பொருள் முதலில் எனக்கு விளங்கவில்லை. ஓரிரவு அப்பன்னிரண்டு பக்கங்களையும் ஒருங்கே வைத்து ஒப்பிட்டு நோக்கினேன். வாக்கியங்களின் வரிசை ஒன்றாகவே இருந்தது. அஃது ஒருபால் ஆகுக. ‘வேறுபாடு’ என்னும் சொல்லை ஒருவர் ‘வேருபாடு’ எனப் பிழைபட எழுதியிருந்தார். அப்பிழையும் ஒன்பது பக்கங்களில் அவ்வாறே இருந்தது. எஞ்சிய மூன்றும் வாக்கியத்தைச் சிறிது மாற்றியவை. செய்தியில் அணுவளவும் புதிதாக ஒன்றையும் சேர்த்தவையல்ல. பன்னிரு சாட்சிகள் என யான் எண்ணியவர், ஒருவர் உரைத்ததைக் கேட்டுத் திருப்பிச் சொன்ன பன்னிருவரே. அவ்வொருவர் யாவர், எங்கிருந்து அதனை அறிந்தார் என்பது எப்பக்கத்தும் சொல்லப்படவில்லை.

தமிழ் மாணவனாகிய யான் இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். என்னை? ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் நமக்குக் கற்பித்துச் சென்ற முதற் பாடமே இஃதன்றோ? சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். உ. வே. சாமிநாதையரவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் வெளிக்கொணர்ந்தார்கள். இவர்கள் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியது எண்ணிக்கையைப் பெருக்குதற்கன்று. ஓர் ஏட்டில் ஓரடி விடுபட்டிருக்க, வேறோர் ஏட்டிலும் அதே இடத்தில் அதே அடி விடுபட்டிருக்குமாயின், அவ்விரண்டும் ஒரு தாய் ஏட்டினின்று பெயர்த்தெழுதப்பட்டவை என ஐயுறுதல் பதிப்பாசிரியர் வழக்கம். ஒரே பிழையுடைய பத்து ஏடுகள் ஓர் ஏட்டுக்கே சமம். வேறொரு வழியாக வந்த ஏடு ஒன்று, அது செல்லரித்ததாயினும், அப்பத்தினும் மேலானதாகலாம். ஏடெழுதுவோர் ஒரு நூலைப் பெயர்த்தெழுதப் பல நாட் கை வருந்தினர். இன்றோ விரலால் ஒருமுறை தொட்டால் ஒரு கட்டுரை நூறாகின்றது. ஆயினும் பிழை பரவும் முறை பழைய முறையே. விரைவு ஒன்றே புதிது.

மேனாட்டிலும் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2009ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் செருமனி நாட்டில் குட்டன்பர்க் என்பார் புதிதாக அமைச்சராயினர். அவர் உயர்குடியினர் ஆதலின் பெயர்கள் பல உடையவர். யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் அப்பெயர் வரிசையின் நடுவே ‘வில்லெல்ம்’ என்னும் பெயர் ஒன்றைப் பொய்யாகச் செருகிவிட்டார். மறுநாள் புகழ்பெற்ற செய்தித்தாள்கள் சிலவும் அப்பெயரோடு செய்தி வெளியிட்டன. அப்பெயர் மெய்தானா என விக்கிப்பீடியாவில் ஐயம் எழுந்தபொழுது, அச்செய்தித்தாள்களே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. பொய் தன் நிழலையே தனக்குச் சாட்சியாக நிறுத்திக்கொண்ட வரலாறு இது. இதனைப் படித்தபின், செய்தித்தாளில் வந்ததன்றோ என்று யான் எதனையும் எளிதிற் கொள்வதில்லை.

நிற்க. கீரமங்கலச் செய்திக்கு மீள்வோம். ஆசிரியர் என் கட்டுரையை மீண்டும் எழுதுமாறு பணித்தனர். யான் நக்கீரர் யாவர் என்பதினின்று தொடங்கினேன். ஆங்கே மற்றொரு வியப்புக் காத்திருந்தது. வலைப்பக்கங்கள் நக்கீரர் என்று ஒருவரையே கூறி, அவர் தலையிலே எல்லாவற்றையும் ஏற்றுகின்றன. சங்கத் தொகைகளிற் பாடிய, மதுரைக் கணக்காயனார் மகனார் எனப்படும் நக்கீரனார் ஒருவர். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை அவர் பெயரால் வழங்குவது. திருமுருகாற்றுப்படையும் அப்பெயரால் வழங்குவதாயினும், அதனைப் பிற்பட்ட ஒருவர் பாடியதாகக் கொள்ளும் ஆராய்ச்சியாளர் உளர். பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரால் அமைந்த சிற்றிலக்கியங்கள் மொழிநடையாற் பிற்காலத்தன. இவருள் யார் கீரமங்கலத்துக்கு உரியவர் என்னும் வினாவை அப்பன்னிரண்டு பக்கங்களுள் ஒன்றேனும் எழுப்பவில்லை. விடை கூறாமை குற்றமன்று. வினா உண்டென்பதே தோன்றாதவாறு எழுதுதல் மாணவனைப் படுகுழியில் வீழ்த்துவதாம்.

இனி, இறையனார் களவியல் உரை என்னும் நூலை நோக்குமின். அதனை நக்கீரர் செய்தாரென்பது மரபு. அவ்வுரை அவரிடமிருந்து யார் யார் வாயிலாக வழிவழி வந்தது என்பதை அந்நூலே பெயர்களை அடுக்கி உரைத்து, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரையிற் கொணர்ந்து நிறுத்துகின்றது. என்னே அப்பழையோர் நேர்மை! கேட்டவர் யார், அவர் யாரிடங் கேட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் செய்தி சொல்லப்படுகின்றது. அவ்வாறிருந்தும், அவ்வுரையிற் பாண்டியன் ஒருவனைப் புகழும் கோவைப் பாட்டுகள் பல எடுத்துக்காட்டாக வருதலின், அதன் இன்றைய வடிவம் சங்க காலத்துக்குப் பன்னூறாண்டு பிற்பட்டது என அறிஞர் கொண்டனர். பெயர் வரிசையோடு வந்த செய்தியையே அவர்கள் இவ்வாறு உரைத்துப் பார்த்தனரெனில், எழுதினவர் பெயரும் எழுதிய நாளும் இல்லாத பக்கத்தை நாம் எங்ஙனம் அப்படியே விழுங்கலாம்?

தருமிக்குப் பொற்கிழி அளித்த கதைக்கு வருவோம். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு இறையனார் பாடியதென்பது தொகை நூலால் அறியப்படுவது. அப்பாட்டுள் தருமியும் இல்லை, நெற்றிக்கண்ணும் இல்லை. அதனைச் சூழ்ந்த கதை திருவிளையாடல் நூல்களில் விரிந்தது. நெற்றிக்கண் திறப்பதையும் குற்றத்தையும் இணைத்து, நம் நாட்டிற் சிறு குழந்தையும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. அதனை நக்கீரர் வாய்மொழியாகவே மேற்கோட் குறியிட்டுப் பல பக்கங்கள் தருகின்றன. யானும் அவ்வாறே என் கட்டுரையின் தலைப்பில் வரைந்திருந்தேன். பரஞ்சோதி முனிவர் நூலை எடுத்து அப்பகுதியைத் தேடிப் படித்தபொழுது அவ்வாசகத்தைக் காணேன். இந்திரனைப்போல உடல் முழுதும் கண்ணாக நீர் விளங்கினும் நும் பாட்டுக் குற்றமுடையதே என்னும் கருத்தே அங்கு உள்ளது. நம் செவியில் ஒலிக்கும் வாசகம் 1965இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய திருவிளையாடல் என்னும் திரைப்படத்தால் நாடெங்கும் பரவியது. திரைப்படம் செய்த குற்றம் ஒன்றுமில்லை, அது கலை. திரைப்படத்தைச் சங்கப் புலவர் வாக்கென்று கட்டுரையில் எழுதிய மாணவன் செய்ததே குற்றம். பிறர் சொல்லிற் பிழை காண்பதற்குப் பெயர்பெற்ற புலவரின் பெயராலேயே இப்பிழை நடக்கின்றது என்பதை எண்ணி யான் தனியே நகைத்துக்கொண்டேன்.

ஊர்ப்பெயருக்கு என்ன முடிவு எனின், கூறுவேன். மங்கலம் என்னும் ஈறு கல்வெட்டுக்களில் மிக வழங்குவது. உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் யாவரும் அறிந்தது. கீரன் என்பது பழந்தமிழ் மக்கட்பெயர். ஆதலின் கீரன் என்பான் ஒருவன் பெயரால் அமைந்த மங்கலம் எனப் பிரித்தல் பொருந்தாமற் போகாது. ஆனால் எந்தக் கீரன்? முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனார் உளர், பொருந்தில் இளங்கீரனார் உளர், அல்லங்கீரனார் உளர். பிற்காலத்து ஊர்த்தலைவன் ஒருவனும் அப்பெயர் தாங்கியிருக்கலாம். பெயர் ஒத்தல் மட்டும் உறவைக் காட்டாது. ஊர்ப்பெயர் எந்த ஆண்டில் எவ்வடிவில் எழுதப்பட்டது என்பதைக் காட்டும் கல்வெட்டோ, பத்திரமோ வேண்டும். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் தம் நாட்டுக் கல்வெட்டுக்கள் 1,130ஐத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்டிருக்கின்றனர். ஊர்ப்பெயர் ஆராய்வார் முதலில் தட்டவேண்டிய கதவு அதுபோன்றது. என் பன்னிரண்டு பக்கங்களுள் ஒன்றும் அத்திசையைச் சுட்டவுமில்லை.

இவ்வளவும் கூறியதனால், இணையத்தை யான் இகழ்கின்றேன் என்று அன்பர் கருதற்க. அவ்வாறு இகழ்தல் நன்றி மறத்தலாகும். எம்மூரில் இருந்துகொண்டு 1929ஆம் ஆண்டு நூல் ஒன்றைக் காண விரும்பும் ஏழை மாணவனுக்கு முன்னாளில் வழி யாது? பேருந்துக்கும் உணவுக்கும் பொருள் தேடிச் சென்னைக்கோ திருச்சிக்கோ செல்லுதல் வேண்டும். சென்றும் நூலகத்தார் முகம் மலர்தல் வேண்டும். இன்று 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தால் சங்க நூல்கள் முதற்கொண்டு நம் கையகத்தே உள. தமிழ் இணையக் கல்விக்கழகத்தார் அரிய பதிப்புக்களின் பக்கங்களையே படமாக்கி வைத்துள்ளனர். ஈழத்து நூல்களை நூலகம் என்னும் நிறுவனம் 2005 முதல் தொகுத்து வருகின்றது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோப் பல்கலைக்கழகத்தார் வலையில் ஏற்றியமையால், யான் பூ மூட்டைகளினிடையே அமர்ந்துகொண்டும் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடுகின்றேன். இணையத்தை நம்பலாமா என்று வினவுதல் நூலகத்தை நம்பலாமா என்று வினவுதல் போல்வது. எந்த அலமாரி, எந்த நூல், எந்தப் பதிப்பு என்று கேட்டல் வேண்டும்.

மதுரைத் திட்டத்துக் கோப்பின் தலைப்பைப் பலர் நோக்காது கீழே தாவிவிடுகின்றனர். மூலம் எந்தப் பதிப்பு, தட்டெழுதினவர் யார், மெய்ப்பு நோக்கினவர் யார் என்பன பெரும்பாலும் ஆங்கே குறிக்கப்பட்டிருக்கும். அதுவே அக்கோப்பின் குலமுறை கிளத்தல். தட்டெழுதியவர் எத்துணைக் கவனமுடையரேனும் ரகர றகரமும் லகர ளகரமும் சிற்சில இடங்களில் மாறிப்போதல் இயல்பு. ஆதலின் ஓரடியை ஆராய்ச்சிக்கு எடுத்தாள்வார், அச்சுப் பதிப்பின் பக்கப் படத்தோடு அதனை ஒருமுறை ஒத்துப் பார்த்தல் கடன்.

விக்கிப்பீடியாவைப் பற்றி மாணவரிடையே இரு கட்சிகள் உள்ளன. ஒரு கட்சியார் அதனைத் தொடவே கூடாதென்பர். மற்றவர் அதனையன்றி வேறொன்றையும் தொடார். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. அதிலுள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘வரலாறு’ என்றொரு பகுதி உண்டு. எந்த நாளில் எவ்வரி சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்பது அங்கே அழியாது கிடக்கும். அச்சிட்ட நூல்களுட் பல தம் திருத்தங்களை இவ்வாறு திறந்து காட்டா. அடிக்குறிப்பில் உள்ள நூலைத் தேடிச் சென்று அதனையே படித்து அதனையே மேற்கோளாகக் காட்டுவார்க்கு விக்கிப்பீடியா நல்ல வாயில். வாயிலில் நின்றுவிட்டு வீட்டைக் கண்டேன் என்பார்க்கு அதுவே தீங்கு.

அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்னும் இருவர் 2017இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். வரலாற்றுப் பேராசிரியர் பதின்மர், செய்தியின் மெய்ம்மை ஆய்வதையே தொழிலாகக் கொண்டார் பதின்மர், அப்பல்கலைக்கழக மாணவர் இருபத்தைவர் ஆகியோர்க்கு ஒரே வலைப்பக்கங்களைக் காட்டி, அவை நம்பத்தக்கனவா என வினவினர். மாணவர்களே அன்றிப் பேராசிரியருட் பலரும் பக்கத்தின் அழகிய தோற்றத்திலும் முகவரியிலும் மயங்கினராம். மெய்ம்மை ஆய்வாரோ அப்பக்கத்தை ஊன்றிப் படியாது, சிறிது பொழுதில் அதனை விட்டு வெளியேறி, அதனை நடத்துவோரைப்பற்றிப் பிறர் யாது கூறுகின்றனர் என்று தேடினர். அவர்களே விரைவிலும் திறம்பட்டும் உண்மை கண்டனர். எம்மூரிற் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் பேசுவதைக் கேட்டு முடிவு செய்வாரில்லை. அடுத்த தெருவில் விசாரிப்பர். ஸ்டான்போர்டார் கண்டதும் அதுவே.

இனி, யான் கூற விழையாத செய்தி ஒன்றைக் கூறியே தீரவேண்டும். தமிழ் மன்றக் கூட்டம் ஒன்றில் ஜி. யு. போப்பையரைப்பற்றிப் பேசும் பேறு எனக்குக் கிடைத்தது. 1820இற் பிறந்து, 1839இல் தமிழகம் போந்து, சாயர்புரத்தில் கல்விப் பணி ஆற்றி, முதுமையில் ஆக்ஸ்போர்டில் இருந்து 1886இல் திருக்குறளையும் 1893இல் நாலடியாரையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த பெரியார் அவர். அவர்தம் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகின்றான்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது எனக் குரல் தழுதழுக்கக் கூறி என் பேச்சை முடித்தேன். கரவொலி அடங்க நெடும்பொழுது ஆயிற்று. என் கண்ணும் கலங்கியிருந்தது. கூட்டம் கலைந்தபின் என் கட்டுரையில் சிவப்பு மை இட்ட ஆசிரியரே அருகே வந்து, தோளில் கை வைத்து, ‘தம்பி, நன்றாகப் பேசினாய். அந்தக் கல்லைக் கண்டவர் யார்?’ என்று மட்டும் கேட்டுச் சென்றார்.

அன்றிரவு தேடினேன். அச்செய்தியைச் சொல்லும் தமிழ்ப் பக்கங்கள் எத்துணையோ. கல்லின் படத்தைக் காட்டுவன ஒன்றையும் கண்டிலேன். பின்பு ஆக்ஸ்போர்டு நகரத்துத் தூய செபல்க்கர் கல்லறைத் தோட்டத்தைப்பற்றி அவ்வூரார் அமைத்துள்ள பக்கத்தை அடைந்தேன். ஆங்கே கல்லின் படமும் எழுத்துக்களின் படியும் உள்ளன. எழுத்து ஆங்கிலம். அவர் பெயரும், தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்பதும், அப்பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்பதும், பேலியல் கல்லூரியின் குருவாயிருந்தவர் என்பதும், பிறந்த ஆண்டும் 1908இல் இறந்ததும் அதில் உள. அவர் வாழ்நாளெல்லாம் கீழைநாட்டு இலக்கியத்துக்கும் மெய்ப்பொருள் நூலுக்கும் உழைத்த உழைப்பை அன்போடு வியந்து, அவர் குடும்பத்தாரும் தென்னாட்டுத் தமிழ் நண்பரும் அக்கல்லை நாட்டினர் என்பதும் உள. தமிழ் மாணவன் என்னும் தொடர் அதில் இல்லை.

எனக்குச் சினமே முதலில் எழுந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஊர்ப்பெயரில் தவறியபொழுது வெட்கமே உண்டாயிற்று. இதிலோ என்னுடையது ஒன்றைப் பிறர் பறித்துக்கொண்டது போன்ற துயரம் உண்டாயிற்று. தமிழ் மாணவனாகிய எனக்கு அத்தொடர் ஒரு பட்டம்போல் இருந்தது. ‘கல்லில் இல்லாவிடில் என்ன, அவர் அவ்வாறு விரும்பியிருப்பார்’ என்று மனம் வாதாடிற்று. அவ்வாதத்தையும் சற்றே பிரித்து நோக்கினேன். கல்லிற் பொறிக்கப்பட்டது என்பது ஒரு செய்தி. பொறிக்கப்பட வேண்டுமென அவர் விரும்பினார் என்பது மற்றொரு செய்தி. முன்னதைக் கல் மறுக்கின்றது. பின்னதற்கு அவர் எழுதிய கடிதமோ, உடனிருந்தார் எழுதிவைத்த குறிப்போ காட்டுதல் வேண்டும். அது காட்டப்படும் வரையில் அதனை மேடையிற் சொல்ல எனக்கு உரிமையில்லை. நம்போலும் கல்லூரிகளில் அச்செய்தி எளிதிற் பரவியதற்குக் காரணம் நம் அறியாமை மட்டுமன்று. அது நமக்கு இனிக்கின்றது. மேனாட்டுத் தொண்டரைப் போற்றுவார்க்கும் இனிக்கின்றது. தமிழைப் போற்றுவார்க்கும் இனிக்கின்றது. இரு பாலார்க்கும் இனிக்கும் செய்தியை ஐயுறுவார் யார்? பகைவன் சொன்ன செய்தியை யாம் நான்கு முறை உரைத்துப் பார்க்கின்றோம். அன்பர் சொன்னதை உறையோடு பெட்டியில் இடுகின்றோம். கல்லில் மெய்யாகவே உள்ளதை அடுத்த கூட்டத்தில் எழுந்து படித்தேன். இறந்தவர்க்குத் தமிழ் நண்பர் பொருள் சேர்த்துக் கடல் கடந்த நாட்டில் கல் நாட்டினர் என்னும் மெய்ச்செய்தி, யான் முன் சொன்ன கதையினும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இம்முறை கரவொலி சிறிதே எழுந்தது.

இப்பொழுது புதிதாக ஒரு துணைவன் நம் விடுதி அறைகளிற் புகுந்துள்ளான். வினவியவுடன் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறியையே கூறுகின்றேன். அதனைச் சோதிக்க எண்ணி, அத்தகைய பொறி ஒன்றினிடம் புறநானூற்றின் 267ஆம் பாட்டை உரையோடு தருக என்றேன். அது சிறிதும் தயங்காது எட்டடிப் பாட்டொன்றும், பாடிய புலவர் பெயரும், திணையும் துறையும், பொழிப்புரையும் வரிசையாகத் தந்தது. நடையும் ஓரளவு பழமை தோன்ற அமைந்திருந்தது. ஆனால் புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாட்டுக்களும் ஏட்டிலேயே கிடைத்தில என்பது தமிழ் மாணவர் அறிந்தது. ஐயரவர்கள் ஊரூராய்த் தேடியும் பெறாத பாட்டை அப்பொறி ஒரு நொடியில் ஆக்கிக்கொடுத்தது. அவரோ ஏட்டில் இல்லாத இடத்தை இல்லை என்றே அச்சிட்டார். இவ்விரண்டற்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்மின்.

அப்பொறி பொய்யுரைக்க வேண்டுமெனக் கருதிப் பொய்யுரைத்ததன்று. பெருந்தொகையான எழுத்துக்களை உட்கொண்டு, எச்சொல்லின்பின் எச்சொல் வருதல் இயல்பு என்பதைக் கணித்துக் கோப்பதே அதன் அடிப்படைத் தொழில். அலமாரியிலுள்ள நூலைத் திறந்து பார்த்துக் கூறுவது அதன் இயல்பான முறையன்று. இணையத்தைத் தேடி முகவரியோடு விடை தரும் பொறிகளும் உண்டு. அம்முகவரியைத் திறந்து, சொன்ன செய்தி ஆங்கு உளதா எனக் காண்பது நம் வேலையாகவே எஞ்சுகின்றது. 2023இல் நியூயார்க் நகர வழக்கறிஞர் இருவர் இத்தகைய பொறி தந்த பழந்தீர்ப்புக்களை நீதிமன்றத்தில் மேற்கோளாகக் காட்டினர். அத்தீர்ப்புக்கள் உலகில் எங்கும் வழங்கப்படாதவை. நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். நமக்குத் தண்டம் விதிப்பார் இல்லை. அதனால் நம் கட்டுரைகளில் எத்தனை 267ஆம் பாட்டுக்கள் ஒளிந்துள்ளன என்பதை எண்ணுவாரும் இல்லை. விடை இல்லை என்று நாம் உறுதியாக அறிந்த வினா ஒன்றை அப்பொறியிடம் கேட்டுப் பார்த்தல் நல்ல உரைகல். அதன்பின் நாம் அறியாத வினாக்களில் அதனை எத்துணை நம்புவது என்பது தானே விளங்கும்.

ஒவ்வொரு செய்திக்கும் இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ எனின், வேண்டா. எம்மூரில் இன்று முல்லை என்ன விலை என்பதற்குச் சந்தையில் நிற்பவர் அனுப்பும் கைப்பேசிச் செய்தியே தலையாய சான்று. அகராதியும் கல்வெட்டும் அங்கே பயன்படா. கோயில் முன் நிற்கும் உருவத்தின் உயரத்துக்கு அதனை அமைத்த காலத்துச் செய்தித்தாள் போதும். ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முன் ஒரு புலவர் எவ்வூரில் இருந்தார் என்பதற்குச் சந்தைச் செய்தியும் போதாது, செய்தித்தாளும் போதாது. செய்தி எவ்வளவு தொலைவிலிருந்து வருகின்றதோ அவ்வளவுக்கு அது வந்த வழியைக் கேட்டல் வேண்டும்.

என் கட்டுரையின் முதல் வாக்கியத்தை மாற்றி எழுதினேன். நக்கீரர் வாழ்ந்த ஊர் கீரமங்கலம் என்றிருந்தது, கீரமங்கலத்தார் தம் ஊர்ப்பெயரை நக்கீரரோடு இணைத்து வழங்குகின்றனர் என்றாயிற்று. அதற்குச் சான்றாகக் கோயிலின் முன்னுள்ள உருவத்தையே காட்டினேன். விடுமுறையில் ஊருக்குச் சென்றபொழுது, எங்கள் தெருவில் உள்ள முதிய விவசாயி ஒருவர்க்கு அக்கட்டுரையைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டு முடித்து, முகம் சுருக்கி, ‘அப்ப நக்கீரரு நம்ம ஊரு இல்லைங்கிறியா, தம்பி?’ என்றார்.

‘இல்லை என்று சொல்லவில்லை, தாத்தா. ஆம் என்று சொல்வதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்கிறேன்’ என்றேன்.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு தம் பாட்டனார் காலத்து நிலப் பத்திரங்கள் சில மரப்பெட்டியின் அடியில் கிடப்பதாகவும், அவற்றில் ஊர்ப்பெயர் வேறு எழுத்தால் எழுதியிருப்பதைச் சிறு வயதிற் கண்ட நினைவு உளதென்றும், பெட்டியின் திறவுகோல் மகள் வீட்டில் இருக்கின்றதென்றும் கூறினார். வரும் பொங்கல் விடுமுறையில் அவரும் யானுமாக அப்பெட்டியைத் திறப்பதாய் உள்ளோம்.